கடல்நீர்த் தொட்டியில் தொல்லைப் பாசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களில் பாசியோடு மல்லுக்கட்டாதவர் அரிது. ஒருவருடைய தொட்டியை மீட்டெடுத்த மருந்தே மற்றொருவருடைய தொட்டியைப் பாழாக்கிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. ‘பாசி’ என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பவை, ஒன்றுக்கொன்று உறவே இல்லாத பல்வேறு உயிர்கள் என்பதுதான் இதற்குக் காரணம். ஆகவே கீழே உள்ள விடைகளில் பெரும்பாலானவை ‘இன்னதென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்’ என்ற இடத்திற்கே திரும்பத் திரும்ப வருவதை வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பாசியே இல்லாத தொட்டியை வைத்திருக்க முடியாதா?

முடியாது. ஒளியும் நீரும் ஊட்டமும் சேர்ந்திருக்கும் இடத்தில் ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர் ஏதேனும் ஒன்று குடியேறியே தீரும். பவளத்தின் திசுக்களுக்குள் வாழ்ந்து அதற்கு உணவூட்டும் சூசாந்தெல்லேகூட டைனோஃபிளாஜெலேட் வகையைச் சேர்ந்த நுண்பாசிதான். கண்ணாடியின் உட்புறத்தில் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை மெல்லிய பச்சைத் தூசு படிவதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. ஒருபோதும் எதுவுமே படியாத கண்ணாடியைக் கண்டால்தான் நான் கவலைப்படுவேன். பாசி பவளத்தின் மேல் ஏறி அதன் ஒளியை மறைக்கும்போது, பாறை இடுக்குகளை அடைத்து நீரோட்டத்தைத் தடுக்கும்போது, அல்லது நஞ்சு கக்கி நத்தைகளைக் கொல்லும்போதுதான் அது தொல்லையாகிறது.

தொட்டி அமைத்து மூன்று வாரங்களே ஆகின்றன. மணலும் பாறையும் பழுப்பு நிறத் தூள் தூவியதைப்போல ஆகிவிட்டன. என்ன செய்ய வேண்டும்?

பெரும்பாலும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அது டயாட்டம். சிலிக்காவால் தன் ஓட்டை அமைத்துக்கொள்ளும் இந்த நுண்ணுயிர், புதிய மணலிலிருந்தும் பாறையிலிருந்தும் நீரிலிருந்தும் கரையும் சிலிக்கேட்டை உண்டு பெருகி, அது தீர்ந்ததும் தானே அடங்கிவிடும். சில வாரங்கள் பொறுத்தால் போதும். இந்தக் கட்டத்தில் பதறிப்போய் மருந்து ஊற்றுவதும், மணலைத் தினமும் கிளறுவதும், ஒரே நாளில் இருபது நத்தைகளை வாங்கி இறக்குவதும் புதிய தொட்டிக்காரர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள். டயாட்டம் மறைந்தபின் பட்டினி கிடக்கப்போகிற நத்தைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்று மாதங்கள் கடந்தும் பழுப்புப் படிவு நீடித்தால், நீங்கள் ஊற்றும் நீரில் சிலிக்கேட் தொடர்ந்து வருகிறது என்றோ, அது டயாட்டமே அல்ல என்றோ பொருள்.

என் தொட்டியில் இருப்பது எது என்பதை எப்படிக் கண்டறிவது?

கையால் தொட்டுப் பார்ப்பதுதான் முதல் சோதனை. கையுறை அணிந்த விரலால் தேய்த்தவுடன் தூளாக உதிர்ந்தால் அது டயாட்டம். ஒரு துணியை உரிப்பதுபோல் படலமாகக் கழன்று வந்தால் சயனோபாக்டீரியா. பாறையைப் பற்றிக்கொண்டு இழை இழையாகப் பிய்ந்து வந்தால் உண்மையான பச்சைப் பாசி. சளிபோல் இழுபட்டு, உள்ளே காற்றுக் குமிழ்களுடன் நூல் நூலாகத் தொங்கினால் டைனோஃபிளாஜெலேட் என ஐயுற வேண்டும்.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். காலையில் விளக்கு எரியும் முன் ஏறக்குறைய தூய்மையாகத் தெரியும் மணற்பரப்பு, மாலைக்குள் பழுப்புச் சளியால் மூடப்படுமானால் டைனோஃபிளாஜெலேட் என்ற ஐயம் வலுப்படுகிறது. சயனோபாக்டீரியாவும் சில வேளைகளில் இரவில் மங்கித் தெரியும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. ஐயத்தைத் தீர்க்க எளிய வழி ஒன்று உண்டு. சளியைச் சிறிது தொட்டி நீருடன் ஒரு கண்ணாடிப் புட்டியில் இட்டு நன்றாகக் குலுக்கி, காப்பி வடிகட்டும் தாளில் வடித்து, வடிந்த நீரை ஒரு மணி நேரம்போல வெளிச்சத்தில் வைக்க வேண்டும். தெளிந்த நீரில் மீண்டும் நூல்கள் திரண்டால் டைனோஃபிளாஜெலேட் என்பது ஏறக்குறைய உறுதி. எந்த இனம் என்பதை அறிய 400 மடங்கு பெரிதாக்கும் எளிய நுண்ணோக்கி போதும். பள்ளி மாணவர்கள் பயன்படுத்தும் தரத்தில் இருந்தாலே போதுமானது. விலையுயர்ந்த மருந்துப் புட்டிகளை அடுக்குவதைவிட இந்த ஒரு கருவியில் செலவிடுவது புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

சோதனையில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யம் என்று காட்டுகின்றன. ஆனாலும் பாறை முழுவதும் பச்சை இழைகள். சோதனைப் பெட்டி பொய் சொல்கிறதா?

இல்லை; நீங்கள் கேட்காத கேள்விக்கு அது விடை சொல்வதில்லை, அவ்வளவுதான். சோதனை காட்டுவது அந்தக் கணத்தில் நீரில் மிஞ்சியிருக்கும் அளவை மட்டுமே. மீன் உணவின் வழியாக அன்றாடம் உள்ளே வரும் பாஸ்பரஸை, அது நீரில் கலந்தவுடன் பாசி உறிஞ்சிக்கொண்டால், வரவு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கையிருப்பு பூஜ்யமாகவே தெரியும். மேலும், தொட்டியில் உள்ள பாறையும் மணலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை; அவை பாஸ்பேட்டைத் தம் பரப்பில் பற்றி வைத்துக்கொண்டு, நீரில் அதன் அளவு குறையும்போது மெல்ல மெல்ல விடுவிக்கின்றன. பழைய தொட்டியிலிருந்து எடுத்த பாறை, புதிய நீரிலும் பல மாதங்கள் பாசி வளர்ப்பதற்கு இதுவே காரணம். பாசி அந்தப் பாறையின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் நீருக்கு வந்து சேருமுன்பே அதை உண்டுவிடுகிறது.

கருவியைப் படிப்பதிலும் ஒரு பிழை நேர்கிறது. சில கையடக்க அளவிகள் பாஸ்பேட்டை அல்லாமல் பாஸ்பரஸை, அதுவும் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அலகில் காட்டுகின்றன. அந்த எண்ணை 3.066-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால்தான் பாஸ்பேட் அளவு பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அலகில்) கிடைக்கும். திரையில் 20 என்று தெரிந்தால் உண்மையில் பாஸ்பேட் ஏறக்குறைய 0.06 பிபிஎம்.

அப்படியானால் எந்த அளவை இலக்காகக் கொள்வது?

பவளம் வளர்ப்போர் பலர் நைட்ரேட்டை 2 முதல் 10 பிபிஎம் வரையிலும், பாஸ்பேட்டை 0.03 முதல் 0.1 பிபிஎம் வரையிலும் வைத்துக்கொள்கிறார்கள், நானும் அப்படியே. இவற்றைவிடச் சற்றுக் கூடுதலான அளவுகளிலும் செழிக்கும் தொட்டிகள் உண்டு. ஆனால் இரண்டில் எதையும் பூஜ்யத்திற்குக் கொண்டுபோக வேண்டாம். பச்சை இழைகளின் மேல் இருந்த ஆத்திரத்தில் ஒருமுறை நான் பாஸ்பேட் நீக்கியை இருமடங்காக்கினேன். இழைகள் மறைந்தன; ஆறே வாரங்களில் அந்த இடத்தை டைனோஃபிளாஜெலேட் பிடித்துக்கொண்டது. இழைப்பாசி அழகைத்தான் கெடுத்திருந்தது. பின்னால் வந்தது என் நத்தைகள் அனைத்தையும் கொன்றது.

1934-இல் ஆல்ஃப்ரெட் ரெட்ஃபீல்ட் என்ற கடலியலாளர் மிதவை உயிர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்விலிருந்து பிறந்த, நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் 16-க்கு 1 என்ற விகிதத்தைத் தொட்டியில் கடைப்பிடித்தால் பாசி வராது என்று சிலர் கூறுவதுண்டு. அது திறந்த கடலின் மிதவை உயிர்களுடைய உடற்கூறு பற்றிய விகிதம். தொட்டி நீரில் அந்த விகிதத்தைத் துல்லியமாக அமைக்க முயல்வதால் எந்தப் பாசியும் பயந்து ஓடியதை நான் கண்டதில்லை.

பாஸ்பேட் நீக்கிகளைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், மெதுவாக. இரும்பு ஆக்சைடு குருணைகள் பாஸ்பேட்டையும் சிலிக்கேட்டையும் பற்றிக்கொள்ளும் திறன் உடையவை. பரிந்துரைக்கப்பட்ட அளவில் கால் பங்கோடு தொடங்கி, வாரம் இருமுறை அளந்து பார்த்து, தேவைக்கேற்பக் கூட்ட வேண்டும். 0.5 பிபிஎம்மிலிருந்து ஒரே வாரத்தில் 0.02 பிபிஎம்முக்கு இறக்கினால் பாசிக்கு முன்பாகப் பவளம் வெளிறிவிடும். லாந்தனம் குளோரைடு மேலும் வீரியமானது. நீரில் பட்டவுடன் நுண்ணிய வெண்படிவை உண்டாக்கும் என்பதால், அந்தப் படிவைப் பிடிக்கும் வடிகட்டிப் பையில் சொட்டுச் சொட்டாக விடத் தெரியாதவர்கள் அதைத் தொடாமலிருப்பது மீன்களுக்கு நல்லது.

பச்சை இழைப்பாசி பாறையெங்கும் புல்வெளிபோல் வளர்ந்துவிட்டது. எங்கே தொடங்குவது?

கையில் தொடங்க வேண்டும். இழைப்பாசி தன் உடலுக்குள் ஊட்டத்தைச் சேமித்து வைத்திருக்கும் ஒரு மூட்டை. அதைப் பிடுங்கித் தொட்டிக்கு வெளியே எறியும் ஒவ்வொரு கைப்பிடியோடும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் நிரந்தரமாக வெளியேறுகின்றன. உள்ளேயே சாகவிட்டால் அதே ஊட்டம் நீரில் கரைந்து அடுத்த தலைமுறைக்கு உணவாகிறது. மருந்தை முதலில் ஊற்றிவிட்டுப் பிறகு யோசிப்பவர்கள் தவறவிடும் கணக்கு இது.

எடுத்துவிடக்கூடிய பாறையாக இருந்தால், தொட்டியிலிருந்து இறைத்த உப்புநீர் நிரம்பிய வாளியில் வைத்து, கெட்டியான பல்துலக்கியால் தேய்த்து, அதே நீரில் அலசித் திரும்ப வைக்கலாம். எடுக்க முடியாத பாறையென்றால், நீர் மாற்றும் குழாயின் நுனியில் பல்துலக்கியைக் கட்டிக்கொண்டு, தேய்க்கும்போதே உதிர்வனவற்றை உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். நீரோட்ட மோட்டார்கள் ஓடும்போது தேய்த்தால் துண்டுகள் தொட்டியெங்கும் விதைக்கப்படும். ஆகையால் அந்த நேரத்திற்கு அவற்றை நிறுத்தி வைக்க வேண்டும். ஒருமுறை செய்து விடுவதால் பயனில்லை. வாரம் ஒருமுறை என்று ஆறு முதல் எட்டு வாரங்கள் விடாமல் செய்தவர்களே வெல்கிறார்கள்.

இதே காலத்தில் வரவையும் குறைக்க வேண்டும். மீன்கள் ஓரிரு நிமிடங்களில் உண்ணும் அளவுக்கு மேல் உணவு இடாதிருத்தல், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரின் கழுத்தை வாரம் இருமுறை துடைத்தல், வடிகட்டிப் பைகளை மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை மாற்றுதல், வடிகட்டும் கருவிகள் இருக்கும் துணைத் தொட்டியான சம்ப் தொட்டியின் அடியில் சேர்ந்த கசடை உறிஞ்சி எடுத்தல் ஆகியவை சலிப்பூட்டும் வேலைகள்தாம். ஆனால் இவையே அடித்தளம். தேய்த்து இழை குட்டையான பிறகுதான் நத்தைகளும் மீன்களும் அதைக் கட்டுக்குள் வைக்கும். நீண்டு முற்றிய இழையை அவற்றில் பல தொடுவதே இல்லை.

பாசியைத் தின்னும் உயிர்களில் எவற்றை வாங்கலாம்?

எல்லாப் பாசியையும் தின்னும் உயிர் என ஒன்று கிடையாது. சயனோபாக்டீரியாவையும் டைனோஃபிளாஜெலேட்டையும் நம்பிக்கையோடு தின்னும் உயிரைக் கடையில் தேடுவது வீண். பச்சைப் பாசிக்கு, நத்தைகளில் டிரோக்கஸ் வகையையே முதலில் சொல்வேன். தலைகீழாக விழுந்தால் தானே நிமிர்ந்துகொள்ளும். அஸ்ட்ரியா நத்தைக்கு அது கைவராததால் மணலில் கவிழ்ந்து கிடந்தே இறந்துபோகும். டர்போ நத்தை நன்றாகத் தின்னும். ஒட்டப்படாத பவளத் துண்டுகளை இடித்துத் தள்ளியபடியே செல்லும். துறவி நண்டுகள் ஓட்டுக்காக நத்தைகளைக் கொல்லும் என்பதால், காலி ஓடுகளைத் தொட்டியில் போட்டு வைப்பது நல்லது.

இழைப்பாசி மிகுந்த தொட்டிக்குக் கடல் முயல் என்ற நத்தை வகை பொருத்தமான விருந்தாளி, விருந்தாளியாகவே வைத்திருக்கும் வரை. பாசி தீர்ந்தபின் அது பட்டினியால் இறக்கும். மிரண்டால் ஊதா நிற மையைக் கக்கும். மோட்டாரில் சிக்கி நசுங்கினால் தொட்டி முழுவதற்கும் ஆபத்து. ஆகவே வேலை முடிந்ததும் அதை அடுத்தவருடைய தொட்டிக்கு அனுப்பிவிட வேண்டும். கடல் முள்ளெலி, பவளச்சுண்ணப் பாசியையும் சேர்த்துச் சுரண்டினாலும், பாறையை மொட்டையடிப்பதில் நிகரற்றது.

மீன்களில், மஞ்சள் டாங் போன்றவை நாள் முழுவதும் மேயும்; ஆனால் அவை 20 சென்டிமீட்டர் வரை வளரக்கூடிய, நீண்ட தூரம் நீந்த விரும்பும் மீன்கள். நான்கு அடிக்குக் குறைந்த நீளமுள்ள தொட்டியில் பாசிக்காக டாங் மீனை விடுவது ஒரு தொல்லையைத் தீர்க்க இன்னொரு உயிரைத் துன்புறுத்துவதாகும். ஓரா மீன் இனத்தைச் சேர்ந்த ஃபாக்ஸ்ஃபேஸ், டாங் தொடாத பாசிகளையும் உண்ணும். அதன் துடுப்பு முட்களில் நஞ்சு உண்டு. வலையில் பிடிக்கும்போது எச்சரிக்கை தேவை.

மணலின் மேல் சிவந்த வெல்வெட் துணிபோல ஒரு படலம் படர்கிறது. உறிஞ்சி எடுத்தாலும் இரண்டே நாட்களில் திரும்பிவிடுகிறது. ஏன்?

இது பாசியே அன்று. ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா, அதாவது சயனோபாக்டீரியா. நீரோட்டம் தேங்கும் மூலைகளும், கழிவு படிந்த மணலும் இதற்குப் பிடித்தமானவை. இவற்றுள் சில இனங்கள் நீரில் கரைந்துள்ள நைட்ரஜன் வாயுவையே பயன்படுத்திக்கொள்ள வல்லவை என்பதால், நைட்ரேட்டை மட்டும் பூஜ்யமாக்கிவிட்டு பாஸ்பேட்டை அப்படியே விட்டுவைக்கும் தொட்டிகளில், போட்டியாளர்கள் பசியால் வாட, இது மட்டும் கொழிக்கும். வோட்கா, வினிகர் போன்ற கரிமச்சத்தை ஊற்றி நைட்ரேட்டைக் குறைப்பவர்களின் தொட்டிகளில் சிவப்புப் படலம் அடிக்கடி தோன்றினால், ஊற்றும் அளவைக் குறைத்துப் பார்க்க வேண்டும்.

படலத்தை உறிஞ்சி எடுத்து, மோட்டாரின் முகத்தை அந்த மூலைக்குத் திருப்பி, மணலின் மேற்பரப்பைப் பகுதி பகுதியாகத் தூய்மை செய்து வந்தால் பல தொட்டிகளில் சில வாரங்களில் அடங்கிவிடும். அடங்காதபோது மூன்று நாள் இருட்டடிப்பு துணை செய்யும். எரித்ரோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் இதை ஓரிரு நாட்களில் அழிக்கும் என்பது உண்மை. ஆனால் இறந்த படலம் அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் சரிந்து, விடியற்காலையில் மீன்கள் நீர்ப்பரப்பில் வாய் பிளந்து நிற்கும் நிலை வரலாம். காற்றுக்கல் வைத்து, படலத்தை முன்னதாகவே இயன்றவரை அகற்றிய பிறகே அதைப் பயன்படுத்த வேண்டும். நீரோட்டத்தையும் கழிவையும் சீராக்காமல் மருந்தை மட்டும் ஊற்றியவர்கள் அடுத்த மாதமும் அதே மருந்தைத் தேடுவார்கள்.

பழுப்புச் சளி டைனோஃபிளாஜெலேட் என்றே உறுதியாகிவிட்டது. இனி என்ன?

முதலில், இதுவரை செய்துவந்த பலவற்றை நிறுத்த வேண்டும். இழைப்பாசிக்கு உதவிய பட்டினி வைத்தியம் இங்கே எதிர்விளைவைத் தரும். நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அற்றுப்போய், பச்சைப் பாசியும் நல்ல பாக்டீரியாவும் தளர்ந்த வெற்றிடத்தில்தான் இவை பெருகுகின்றன. ஆகவே பாஸ்பேட் நீக்கியை எடுத்துவிட்டு, நீர் மாற்றுவதைத் தற்காலிகமாக நிறுத்தி, மீனுக்குச் சற்றுத் தாராளமாக உணவிட்டு, தேவைப்பட்டால் சோடியம் நைட்ரேட், டிரைசோடியம் பாஸ்பேட் ஆகியவற்றின் கரைசல்களை அளந்து சேர்த்து, நைட்ரேட்டை 5 முதல் 10 பிபிஎம்முக்கும் பாஸ்பேட்டை 0.1 பிபிஎம் அளவுக்கும் உயர்த்தி, அங்கேயே நிலைநிறுத்த வேண்டும். பாசியை ஒழிக்க வந்தவரிடம் உரம் போடச் சொல்வது வேடிக்கையாகத்தான் இருக்கும். சில வாரங்களில் கண்ணாடியில் பச்சைத் தூசு படியத் தொடங்கும். அதைத் துடைக்காமல் சில நாட்கள் விட்டுவைக்கலாம்.

இரண்டாவது படி இனத்தைப் பொறுத்தது. நுண்ணோக்கி இங்கேதான் உதவுகிறது. கண்ணீர்த்துளி வடிவில், கூரிய நுனியை ஊன்றிக்கொண்டு அந்த அச்சில் சுழல்வது ஆஸ்ட்ரியாப்சிஸ். இது இரவில் மணலையும் பாறையையும் விட்டு நீரில் எழுந்து மிதக்கும் என்பதால், தொட்டியின் அளவுக்கு ஏற்ற, போதிய திறனுள்ள யூவி (புற ஊதா) விளக்கைத் தொட்டியிலிருந்தே நேரடியாக நீர் எடுத்துத் திருப்பிவிடும்படி அமைத்தால் சில நாட்களிலேயே பெரும் மாற்றம் தெரியும். மூன்று நாள் இருட்டடிப்பு அதை மேலும் நீருக்குள் விரட்டி யூவி விளக்கின் முன் நிறுத்தும். மாறாக, மணலில் மட்டும் வாழும் ஆம்ஃபிடினியம் நீரில் எழுவதில்லை. அதற்கு யூவி விளக்கால் பயனில்லை. சிலர் அளவாகச் சிலிக்கேட் சேர்த்து டயாட்டத்தை வேண்டுமென்றே வளர்த்து, மணலில் அதற்குப் போட்டியை உருவாக்குகிறார்கள். சில மாதங்கள் ஆகலாம். ஆனால் பலன் தரும் வழி.

நஞ்சை உறிஞ்சும் கிளர்வூட்டிய கார்பனை இந்தக் காலம் முழுவதும் ஓட விடுங்கள். ஆஸ்ட்ரியாப்சிஸின் நஞ்சு நத்தைகளையும் முள்ளெலிகளையும் கொல்லக்கூடியது. பாதிக்கப்பட்ட தொட்டியில் கையுறையின்றிக் கை விடுவதும், சளி உலர்ந்த கருவிகளைத் தேய்த்துத் தூசு கிளப்புவதும் கூடாது.

பாறையில் பச்சை முத்துகள்போலக் குமிழ்கள். உடைத்தால் பரவும் என்கிறார்களே?

வலோனியா எனப்படும் இந்தக் குமிழ், முழுவதும் ஒரே உயிரணுவாலானது என்பது வியப்பான செய்தி. முற்றிய குமிழ் உடைந்தால் உள்ளிருக்கும் இனப்பெருக்க அணுக்கள் பரவ வாய்ப்புண்டு. ஆகவே பாறையை வெளியே எடுத்து, அடியில் தட்டையான கருவியை நுழைத்து முழுதாகக் கழற்றுவதே சிறந்தது. முடியாத இடங்களில் உறிஞ்சுகுழாயை அருகிலேயே பிடித்துக்கொண்டு உடைப்பதில் பெரிய இழப்பு நேர்ந்துவிடுவதில்லை. மரகத நண்டு சிறு குமிழ்களை உண்ணும். எல்லா மரகத நண்டுகளும் உண்ணும் என்று சொல்ல முடியாது. வளர்ந்து பசித்த நண்டு பவளத்தையும் கிள்ளும்.

பறவை இறகு வடிவப் பச்சைப் பாசி, எதுவும் அதைத் தின்பதில்லை. இது என்ன?

பிரையாப்சிஸ். பிடுங்கினாலும் பாறைத் துளைக்குள் மிஞ்சும் வேரிலிருந்து மீண்டும் முளைக்கும். பல ஆண்டுகள் நீரின் மக்னீசியத்தை 1600 பிபிஎம் வரை உயர்த்தியே இதை எதிர்த்தார்கள். நத்தைகளுக்கு அது சுமையாக இருந்தது. இப்போது பலரும் நாடுவது ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்து. லிட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம் என்ற அளவில் ஒரே முறை இட்டு, கிளர்வூட்டிய கார்பனை நீக்கி, இரண்டு மூன்று வாரங்கள் நீர் மாற்றாமல் விடுவது வழக்கம். முதல் வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் அளவைக் கூட்டிவிட வேண்டாம். பாசி மெல்ல வெளிறி உதிரும். சில இழைப்பாசிகளும் இதற்கு மடியும், எல்லாம் அல்ல. தொட்டியின் உண்மையான நீர் அளவைக் கணக்கிடும்போது பாறையும் மணலும் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழிக்க மறக்க வேண்டாம்.

ஊற்றும் நீரை ஏற்கெனவே வடிகட்டித்தான் பயன்படுத்துகிறேன். அதுவும் காரணமாக இருக்குமா?

இருக்கலாம். ஆவியாகும் நீருக்கு ஈடாக நாள்தோறும் ஊற்றும் நன்னீரில் சிறிதளவு நைட்ரேட்டோ பாஸ்பேட்டோ சிலிக்கேட்டோ இருந்தாலும், ஆவியாவது தூய நீர் மட்டுமே என்பதால் மற்றவை தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும். எதிர்ச்சவ்வூடு வடிகட்டிக்குப் பின் அயனி நீக்கும் பிசினும் இருந்து, கரைபொருள் அளவி 0 காட்டினால் பொதுவாகப் போதுமானது. ஆனால் பிசின் தளரும்போது முதலில் நழுவிச் செல்வது சிலிக்கேட்; அதை அந்த அளவி காட்டுவதில்லை. அளவி 0 காட்டும்போதே டயாட்டம் திரும்பி வந்தால் பிசினை மாற்றிப் பாருங்கள்.

விளக்கை எத்தனை மணி நேரம் எரியவிடலாம்?

எட்டு முதல் பத்து மணி நேரம் போதும். வெள்ளை, சிவப்பு, பச்சை ஒளியைக் குறைத்து நீல ஒளியைத் தக்கவைத்தால் பவளம் பாதிக்கப்படாமல் பாசியின் வேகம் சற்றுத் தணியும். சன்னல் வழியாகச் சாயும் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இருட்டடிப்பை இழைப்பாசிக்குப் பயன்படுத்துவதில் எனக்கு நம்பிக்கையில்லை. அதன் சேமிப்பு மூன்று நாளில் தீர்வதில்லை.

ரெஃப்யூஜியம் வைத்தால் பாசி போய்விடுமா?

போகாது, இடம் மாறும். வேண்டாத இடத்தில் வளர்வதை வேண்டிய இடத்தில் வளர்த்து அறுவடை செய்வதுதான் அதன் தத்துவம். சம்ப் தொட்டியில் வலுவான விளக்கின் கீழ் கீட்டோமார்ஃபா என்ற கம்பிச்சுருள் போன்ற பாசியை வளர்த்து, வாரந்தோறும் ஒரு பகுதியை வெட்டி எறியலாம். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்டர் ஏடி உருவாக்கிய பாசித்தளத் துப்புரவி இதே கருத்தின் இன்னொரு வடிவம்: சொரசொரப்பான வலைமீது நீர் வழிந்தோட, அதில் வளரும் பாசியைச் சுரண்டி எடுப்பது. எதுவாயினும் காட்சித் தொட்டியின் பாசியைக் கையால் குறைத்த பிறகே பலன் தெரியும்; இல்லையேல் மேலே உள்ள பாசி முந்திக்கொண்டு உண்டுவிடும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு பாதுகாப்பானதா?

வெளியே எடுத்த பாறையிலோ பவளத் துண்டின் அடித்தளத்திலோ 3 சதவீதக் கரைசலைத் தூரிகையால் தடவி, சில நிமிடங்களில் தொட்டி நீரில் அலசித் திருப்பி வைப்பது பயனுள்ள உத்தி. தொட்டிக்குள் நேரடியாக ஊற்றுவதைத் தவிர்க்கலாம். துப்புரவு இறால்கள் அதைத் தாங்குவதில்லை. செப்பு கலந்த நன்னீர்ப் பாசிக்கொல்லிகளைக் கடல்நீர்த் தொட்டியின் அருகிலேயே கொண்டுவரக் கூடாது; இறால், நத்தை, பவளம் எதுவும் மிஞ்சாது.

பாறைகளைக் கொதிநீரில் போட்டு முழுவதுமாகத் தூய்மை செய்துவிடலாம் அல்லவா?

ஒருபோதும் செய்யாதீர்கள். பாறையில் ஒட்டியிருக்கும் பாலித்தோவா, சோவாந்தஸ் வகைப் பவள உறவினங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. 1971-இல் ஹவாயைச் சேர்ந்த பாலித்தோவாவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இந்த நஞ்சு, பாறையைக் கொதிக்க வைக்கும்போது ஆவியோடு காற்றில் பரவி வீட்டிலிருந்த அனைவரையும் மருத்துவமனைக்கு அனுப்பிய நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. வெந்நீரை அழுத்தத்தோடு பீய்ச்சுவதும் அதே அளவு ஆபத்தானது. இத்தகைய உயிர்கள் உள்ள பாறையைப் பல்துலக்கியால் தேய்க்கும்போதுகூட, கையுறையோடு கண்ணாடியும் அணிந்து, பாறையை நீருக்குள் மூழ்கவைத்தே தேய்க்க வேண்டும்.

பாறையில் இளஞ்சிவப்பும் ஊதாவுமாகக் கெட்டியான பூச்சு பரவுகிறது. இதையும் நீக்க வேண்டுமா?

வேண்டாம், அது பவளச்சுண்ணப் பாசி. அது பிடித்த பரப்பில் இழைப்பாசி வேரூன்ற இடமிருக்காது. முன்கண்ணாடியை மட்டும் சுரண்டினால் போதும்.

பிடுங்கிய பாசியை எங்கே போடுவது?

உலர்த்திக் குப்பையில் போடலாம். கழுவியபின் செடிகளுக்கு உரமாகவும் இடலாம். கடல், கழிமுகம், மழைநீர் வடிகால் ஆகியவற்றில் மட்டும் எறியக் கூடாது. மீன் தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கப்பட்ட காலர்ப்பா டாக்சிஃபோலியா என்னும் பாசி, 1984-இல் மத்தியதரைக் கடலில் மொனாக்கோ கரையருகே சிறு திட்டாகக் காணப்பட்டு, பின்னர் அக்கடலின் பல கரைகளில் படர்ந்தது. 2000-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் அகுவா ஹெடியோண்டா காயலில் அதே பாசி தென்பட்டபோது, அதைத் தார்ப்பாய்களால் மூடி அடியில் குளோரின் செலுத்தி அழிக்க நேர்ந்தது. முற்றிலும் ஒழிந்துவிட்டதென அறிவிக்க 2006 வரை ஆயிற்று. பாசி வளர்ந்த வாளி நீரையும், பாசி ஒட்டிய பாறைத் துண்டுகளையும் இதே கவனத்தோடு அப்புறப்படுத்த வேண்டும். நீரைக் கொட்டும் முன் அதில் சிறிது ப்ளீச்சிங் கரைசலைக் கலந்து ஒரு நாள் வைத்திருந்தால் போதும்.